எங்க போர் தண்ணி ஏன் கரிக்குது?



போன சித்திரை மாதம் ஒரு நாள் எங்கள் வீட்டில் சாம்பாருக்கு வைத்த பருப்பு வேகவே இல்லை. அம்மா விறகைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள். ஒரு மணி நேரம் ஆகியும் பருப்பு கல்லு மாதிரி இருந்தது. ஆயா வந்து பானைத் தண்ணியை ஒரு வாய் எடுத்துக் கொப்புளித்துத் துப்பினார்கள். "பருப்புல தப்பு இல்லடி, தண்ணி கரிக்குது" என்றார்கள்.

அது எங்கள் கொல்லையில் இருக்கும் போர் தண்ணி. எங்கள் ஊர் பாகூர் கொம்யூனில் இருக்கிறது. கடல் எங்களுக்குக் கிழக்கே இரண்டு கிலோமீட்டருக்கு மேல். அலைச் சத்தம்கூட ராத்திரியில்தான் கேட்கும்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் இதை என் தோழியிடம் சொன்னேன். அவள் வீடு மூர்த்திக்குப்பம் பக்கம், கடலை ஒட்டியே இருக்கிறது. அவள் சிரித்தாள். "எங்க ஆயா சொல்றதைக் கேட்டா நீ நம்ப மாட்டே" என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்த ஆயா சொன்னது இது: "நாங்க சின்னப் புள்ளையா இருக்கச்சே தண்ணிக்கு எங்கயும் போக மாட்டோம். கடலுக்கு இந்தாண்ட மணல் மேட்டுல கையாலயே பள்ளம் பறிப்போம். செத்த நேரத்துல ஊறி வரும். எளநி மாதிரி இருக்கும்."

எனக்குத் தலை சுற்றியது. கடல் ஓரத்தில் இனிப்புத் தண்ணி, இரண்டு கிலோமீட்டர் உள்ளே கரிப்புத் தண்ணியா? எங்கள் அறிவியல் ஆசிரியரிடம் கேட்டேன். "இது ரெண்டுக்கும் ஒரே காரணம்தான். கண்டுபிடிச்சு சுவர் இதழுக்கு எழுது" என்று சொல்லிவிட்டார். இரண்டு மாதம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

மிதக்கும் தண்ணீர்

கடல் தண்ணீரில் உப்பு கரைந்திருப்பதால் அது நல்ல தண்ணீரை விடக் கனமானது. நல்ல தண்ணீர் ஒரு லிட்டர் 1000 கிராம் என்றால் கடல் தண்ணீர் ஒரு லிட்டர் சுமார் 1025 கிராம். வித்தியாசம் 25 கிராம்தான். ஆனால் நம் கடலோரத்து விஷயம் எல்லாமே இந்த 25 கிராமில்தான் இருக்கிறது.

மழை மணலில் இறங்குகிறது. கீழே ஏற்கெனவே கடல் தண்ணீர் ஊறி நிற்கிறது. நல்ல தண்ணீர் லேசானது, அதனால் அதன் மேல் எண்ணெய் மாதிரி மிதந்து நிற்கும். மணல் துகள்களுக்கு நடுவில் இருப்பதால் இரண்டும் சீக்கிரம் கலக்காது. ஆயா கையால் பறித்த பள்ளத்தில் ஊறியது இந்த மிதக்கும் தண்ணீர்தான்.

எவ்வளவு ஆழத்துக்கு மிதக்கும்? கணக்கு சுலபம். 41 அடி உயர நல்ல தண்ணீரின் எடையும் 40 அடி உயரக் கடல் தண்ணீரின் எடையும் சமம். ஆகவே நிலத்தடி நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நின்றால், அது கடல் மட்டத்துக்குக் கீழே 40 அடி வரைக்கும் உப்பை அமுக்கி வைத்திருக்கும். கைபென் என்ற டச்சுக்காரரும் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும் நூறு வருஷத்துக்கு முன்பே தனித்தனியாக இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தார்கள்.

இப்போது இதையே திருப்பிப் பாருங்கள். மேலே தண்ணீர் 1 அடி இறங்கினால் கீழே உப்பு 40 அடி ஏறப் பார்க்கும்! உடனே ஏறிவிடாது. நடுவில் களிமண் அடுக்கு இருந்தால் தடுக்கும், வருஷக்கணக்கில் ஆகும். ஆனால் ஏறும்.

செய்து பாருங்கள்

ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி தண்ணீர் எடுத்து 3 ஸ்பூன் உப்பைக் கரையுங்கள். அதில் கொஞ்சம் பீட்ரூட் சாறு விடுங்கள். இது கடல். இதன் மேல் ஒரு ஸ்பூனைக் கவிழ்த்துப் பிடித்து, ஸ்பூன் முதுகின் மேல் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். கீழே சிவப்பு, மேலே வெள்ளை என்று கோடு போட்ட மாதிரி நிற்கும்.

ஒரு ஸ்ட்ராவை மேலாக வைத்து மெதுவாக உறிஞ்சுங்கள். நல்ல தண்ணீர் வரும். அது ஆயாவின் பள்ளம். அடுத்து ஸ்ட்ராவைச் சிவப்புக்குச் சற்று மேலே வைத்து வேகமாக உறிஞ்சுங்கள். சிவப்பு கூம்பு மாதிரி எழும்பி வாய்க்குள் வரும், கரிக்கும். அது எங்கள் வீட்டு போர்.

இவ்வளவுதான் விஷயம். நாங்கள் கடல் பக்கம் போகவில்லை. ஆழத்திலிருந்து வேகமாக உறிஞ்சி கடலை எங்கள் பக்கம் இழுத்துவிட்டோம்.

தாத்தா சொன்ன பாகூர்

அப்படியானால் முன்னாடி எப்படி இருந்தது? எங்கள் தாத்தாவிடம் கேட்டேன்.

நம் பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். பாகூர் ஏரி, ஊசுட்டேரிக்கு அடுத்து புதுச்சேரியின் இரண்டாவது பெரிய ஏரி. தென்பெண்ணையாற்றில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக இதற்குத் தண்ணீர் வருகிறது. பங்காரி, சிங்காரி என்று இரண்டு பெண்கள் இந்த வாய்க்கால்களை வெட்டி வைத்தார்கள் என்று நம் ஊரில் கதை சொல்வார்கள். வில்லியனூர் பக்கத்து ஊசுட்டேரிக்கு சங்கராபரணி ஆற்றிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால் இருக்கிறது. இப்படி புதுச்சேரிப் பகுதியில் மொத்தம் 84 ஏரிகள்.

பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர் செப்பேடு ஒன்று உண்டு. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பாகூரில் இருந்த கல்விச்சாலையின் செலவுக்காக மூன்று ஊர்களைக் கொடுத்ததை அது சொல்கிறது. அதாவது ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே இந்த மண் விளைந்துதான் ஒரு பள்ளிக்கூடத்தை நடத்தியிருக்கிறது!

தாத்தா சொன்னார்: "ஏரி ரொம்புச்சுன்னா மதகைத் தொறப்பாங்க. சம்பா முச்சூடும் வயல்ல தண்ணி நிக்கும். கெணத்துல குனிஞ்சு சொம்பால மொள்ளலாம். கோடையிலதான் கவலை கட்டி மாட்டை ஓட்டுவோம். மாடு எவ்ளோ இறைக்கும்? ரெண்டு மாடு களைச்சுப் போனா அன்னிக்கு அவ்ளோதான்."

இதில்தான் ரகசியம் இருக்கிறது. மேலே ஏரியும் வயலும் தண்ணீரை மாசக்கணக்கில் நிறுத்தி வைத்தன, அது கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. கீழேயிருந்து எடுத்ததோ மாடு களைக்கும் அளவுக்குத்தான். வரவு அதிகம், செலவு குறைவு. கடல் தன் இடத்தில் நின்றது.

பூமிக்குள் எவ்வளவு தண்ணீர் இருந்தது தெரியுமா? பிரெஞ்சுக்காரர் காலத்தில், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், புதுச்சேரியிலும் பாகூரிலும் ஆழமாகத் துளை போட்டபோது மோட்டார் இல்லாமலே தண்ணீர் தானாக மேலே பொங்கி வந்தது. ஆர்ட்டீசியன் கிணறு என்று புத்தகத்தில் படிக்கிறோமே, அதுதான். இப்படித் துளை போடும்போதுதான் 1880-களில் பாகூரில் பழுப்பு நிலக்கரி இருப்பதே தெரிந்தது. இன்று எங்கள் போரில் மோட்டார் போட்டால்கூட முதலில் காற்றுதான் வருகிறது.

மோட்டார் வந்தது

மோட்டார் வந்ததும் ஏரித் தண்ணிக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று ஆனது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகமும் போட்டோம். நடுவில் கரும்பு வேறு. நல்ல வருமானம் வந்தது, பொய் சொல்லக்கூடாது. எங்கள் வீட்டுக்குத் தளம் போட்டது அந்தப் பணத்தில்தான்.

ஆனால் ஏரியை நம்பாதவர்கள் ஏரியைக் கவனிக்கவும் மறந்துவிட்டார்கள். வாய்க்கால் தூர்ந்தது. 1999-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு புதுச்சேரி ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கியது. ஏரிகளைத் தூர் வாரி, கரை கட்டி, விவசாயிகளைச் சேர்த்து ஏரிச் சங்கங்கள் அமைத்தார்கள். நல்ல வேலை. ஆனால் போர் போடுவது அதோடு நின்றுவிடவில்லை. 100 அடியில் தண்ணி இல்லை என்றால் 200, அதிலும் இல்லை என்றால் இன்னும் கீழே. ஸ்ட்ராவை நாமேதான் சிவப்புக்குப் பக்கத்தில் இறக்கினோம். இதில் வெளியாளைக் குற்றம் சொல்ல முடியாது.

மனைக்கல் வந்தது

அடுத்து நிலமே மாற ஆரம்பித்தது. புதுச்சேரி–கடலூர் சாலையில் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பாருங்கள். வயலுக்கு நடுவில் வரிசையாக மனைக்கல் நட்டிருப்பார்கள். கல்லூரி, கல்யாண மண்டபம், ரிசார்ட், நகர் பேர் போட்ட வளைவு. விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்கு வழிச் சாலையும் வில்லியனூர், பாகூர் பக்கமாகத்தான் போகிறது. சாலை வந்தால் நிலத்தின் விலை ஏறும். விலை ஏறினால் நெல் தோற்றுப் போகும்.

வயல் மனையாக மாறினால் தண்ணீருக்கு என்ன ஆகும்? எங்கள் நிலத்தை வைத்தே கணக்குப் போட்டேன். எங்களுக்கு 60 குழி இருக்கிறது. ஒரு குழி 576 சதுர அடி. ஆக 34,560 சதுர அடி, சுமார் 3,200 சதுர மீட்டர். வரப்புக்குள் அரைச் சாண், அதாவது 10 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் 3 லட்சத்து 20 ஆயிரம் லிட்டர்! 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 26 லாரிக்கு மேல். இதில் பயிர் குடித்தது, வெயிலில் ஆவியானது போக மிச்சம்தான் கீழே இறங்கும். ஆனால் சம்பா முழுக்க இது திரும்பத் திரும்ப நடக்கும்.

மனை போட்டால் முதல் வேலை வரப்பை வெட்டுவது. இரண்டாவது, லாரியில் கிராவல் கொட்டி 3 அடி மேடாக்கி ரோலர் ஓட்டுவது. அப்புறம் மழை பெய்தால் தண்ணீர் நிற்காது, பக்கத்து வயலுக்கும் ரோட்டுக்கும் ஓடும். கடைசியில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு போர் போடுவார்கள். ஒரு வயல் இருந்த இடத்தில் பத்து ஸ்ட்ரா!

கடலோரத்திலும் இதே கதைதான். மணல் மேட்டில் சவுக்கு, பனை, தென்னை இருந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியும் 2011 டிசம்பர் 30 தானே புயலும் அடித்தபோது மரங்களும் மணல் மேடும் எவ்வளவு வேகத்தைத் தாங்கின என்று பெரியவர்கள் சொல்வார்கள். மணல் மேடு வெறும் மணல் குவியல் இல்லை. அது கடலுக்குத் தடுப்புச் சுவர், மழைக்குத் தொட்டி. மேட்டைச் சமமாக்கினால் இரண்டும் போச்சு.

அவ்வளவு மழையும் எங்கே போனது?

"போன வருஷத்துக்கு முந்தின மழையில ஊரே முழுகிச்சே, அப்புறம் எப்படி தண்ணி இல்லாம போகும்?" என்று என் தம்பி கேட்டான். நல்ல கேள்வி.

2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஒரு வருஷம் முழுக்கப் பெய்ய வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில் பெய்துவிட்டது. இரண்டு நாள் கழித்து சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,60,000 கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்தார்கள். தென்பெண்ணை கரை புரண்டு, பாகூர் பக்கத்து ஊர்களுக்குள் வந்தது. எங்கள் சம்பா பயிர் முழுகிப் போனது.

அந்த வெள்ளம் தங்குவதற்கு இடமில்லை. தாழ்வான வயல்களைச் சுற்றி மேடாக்கிவிட்டோம். ஆகவே மிச்சமிருந்த வயலிலும் வீட்டிலும் கூடுதலாக ஏறியது, வடிந்ததும் கடலுக்குப் போய்விட்டது. வெள்ளம் வேறு, உப்புத் தண்ணீர் வேறு என்றுதான் நான் நினைத்திருந்தேன். இரண்டும் ஒரே வியாதி. தண்ணீர் தங்கும் இடம் குறைந்தால் கார்த்திகையில் வெள்ளம், சித்திரையில் உப்பு.

மற்ற ஊர்களில்

இது நமக்கு மட்டும் நடப்பதில்லை. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் இருக்கிறது. நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் விவசாயத்துக்கும் அங்கே நிலத்தடி நீரை நிறைய எடுத்ததில், 1970-களிலிருந்தே கடல் நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்துவிட்டது. பிறகு அதே மீஞ்சூர் பக்கம் 2010-ல் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை திறந்தார்கள். ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர். பூமி சும்மா கொடுத்துக்கொண்டிருந்ததை இப்போது கரண்டு செலவழித்து வாங்க வேண்டியிருக்கிறது.

நாகப்பட்டினம் பக்கம் 1990-களில் நெல் வயல்களை இறால் குட்டைகளாக மாற்றினார்கள். குட்டையின் உப்பு பக்கத்து வயலுக்கும் குடிநீருக்கும் இறங்கியது. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். 1996 டிசம்பர் 11-ல் கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் அப்படிப்பட்ட இறால் குட்டைகள் கூடாது என்று தீர்ப்பு வந்தது. ஒரு நிலத்தில் என்ன செய்கிறோம் என்பது பக்கத்து நிலத்தின் விஷயமும்தான் என்று இதிலிருந்து தெரிகிறது.

ஒரு முக்கியமான விஷயம்: உப்பு வருவது சுலபம், போவது கஷ்டம். உள்ளே வந்த உப்பை மழை கழுவி வெளியே தள்ள பல வருஷங்கள் பிடிக்கும்.

எங்கள் 60 குழி

இதை நான் எழுத ஆரம்பித்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. எங்கள் நிலத்துக்கு ஆள் வந்திருக்கிறது. பக்கத்து நிலத்தை ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள், எங்களுடையதும் சேர்ந்தால் மனை சதுரமாக வருமாம்.

நான் கணக்குப் போட்ட தாளை அப்பாவிடம் காட்டினேன். அப்பா முழுதாகப் படித்தார். அப்புறம் சொன்னார்: "நீ எழுதினது எல்லாம் சரிதான்மா. என் கணக்கையும் கேளு. நடவுக்கு ஆள் கிடைக்கல. போன தடவை வெள்ளத்துல பயிர் போச்சு. அக்கா கல்யாணத்துக்கு வாங்கின கடன் அப்படியே நிக்குது. கரிக்கிற தண்ணியில நாத்து கருகுது. நான் என்ன செய்யட்டும்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உப்புத் தண்ணியால் நெல் விளையவில்லை, விளையாததால் நிலத்தை விற்கிறோம், விற்பதால் இன்னும் உப்பு ஏறுகிறது. வட்டம் மாதிரி இருக்கிறது. வீடு கட்ட எல்லோருக்கும் இடம் வேண்டும், அதுவும் உண்மைதான். எங்கள் 60 குழி மட்டும் கடலைத் தடுத்துவிடாது என்றும் எனக்குத் தெரியும்.

தாத்தா மட்டும் ஒரு வார்த்தை சொன்னார்: "வித்த நிலத்துல மழை பெய்யும்போது அது நம்ம மழை இல்லடா." அப்பா ஒன்றும் பேசவில்லை. "தை அறுப்பு முடியட்டும், பாக்கலாம்" என்று எழுந்து போய்விட்டார். இதை எழுதும்வரை முடிவு சொல்லவில்லை.

நாம் என்ன செய்யலாம்?

நிலத்தை விற்பதும் வைத்திருப்பதும் பெரியவர்கள் கையில் இருக்கிறது. நம் கையிலும் சில விஷயங்கள் இருக்கின்றன.

1. வீட்டு மாடியில் விழும் மழைநீரைத் தெருவில் விடாமல், ஜல்லியும் மணலும் போட்ட குழியில் இறக்கலாம். 1,000 சதுர அடி மாடியில் 1 சென்டிமீட்டர் மழைக்கே 900 லிட்டருக்கு மேல் விழுகிறது.

2. ஊர்க் குளத்திலும் வாய்க்காலிலும் குப்பை கொட்டுவதை நிறுத்தச் சொல்லலாம். நம் வீட்டிலிருந்தே தொடங்கலாம்.

3. கிராம சபையில் நம் பெற்றோரைக் கேட்கச் சொல்லலாம்: புதிதாக மனை போடும் இடத்தில் பழைய வாய்க்காலும் குட்டையும் அப்படியே இருக்கின்றனவா? ஆற்றில் படுகை அணை கட்டினால் தண்ணீர் தேங்கி ஊறும். நம் ஊருக்கு எங்கே தேவை?

4. இதுதான் முக்கியம். நம் ஊரில் எந்தக் கிணறு கரிக்கிறது, எது கரிக்கவில்லை என்று ஒரு படம் வரைவோம். ஒவ்வொருவரும் உங்கள் வீட்டுத் தண்ணீரை ஒரு சின்ன பாட்டிலில் கொண்டு வாருங்கள். கிணறா, போரா, எத்தனை அடி, கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்று சீட்டு ஒட்டுங்கள். வேதியியல் ஆய்வகத்தில் ஆசிரியர் முன்னிலையில் இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்ப்போம். உப்பு இருந்தால் தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும். எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு உப்பு. மழைக்கு முன்னால் ஒரு தடவை, பொங்கலுக்குப் பின்னால் ஒரு தடவை செய்தால் வித்தியாசம் தெரியும்.

படத்தை அடுத்த சுவர் இதழில் ஒட்டுவோம். நல்ல தண்ணீருக்குப் பச்சை, கரிக்கும் தண்ணீருக்குச் சிவப்பு. எங்கள் வீட்டுக்குச் சிவப்புப் புள்ளி நானே வைத்துவிட்டேன். கடல் எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று அந்தப் படத்தில் தெரிந்துவிடும். பெரியவர்கள் முடிவெடுக்கும்போது அவர்கள் முன்னால் வைக்க நம்மிடம் ஒரு படமாவது இருக்கும்.

பாட்டில் கொண்டுவர மறக்காதீர்கள் நண்பர்களே.

– பதினோராம் வகுப்பு மாணவி